காந்திகிராமமும் ஊரகச் சேவைப் பட்டயமும்

1948இல் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் ஊரகப் பல்கலைக்கழகங்களைப் பரிந்துரைத்தது. டென்மார்க்கின் மக்கள் உயர்பள்ளிகளை அதன் அறிக்கை எடுத்துக்காட்டியது. உறுப்பினருள் ஒருவரான அமெரிக்கர் ஆர்தர் மார்கன், ஆண்டியாக் கல்லூரியில் படிப்பையும் உழைப்பையும் மாறிமாறி வைத்துப் பயிற்றியவர். ஆயினும் சின்னாளபட்டிக்கு அருகே, டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947இலேயே காந்திகிராமத்தைத் தொடங்கிவிட்டனர். அயல்நாட்டு முன்மாதிரிகளை மட்டும் தேடுவோர் இந்தக் கால வரிசையை மறந்துவிடுகின்றனர்.

1956இல் அங்கே ஊரகக் கல்வி நிலையம் எழுந்தது. அதன் மூன்றாண்டு ஊரகச் சேவைப் பட்டயத்தில், சுற்றியுள்ள சிற்றூர்களில் ஆற்றும் பணி பாடத்தின் உறுப்பாயிற்று. சிக்கல் வேறிடத்தில் இருந்தது: பட்டயம் பட்டமன்று. மேற்படிப்புக்கு அதனை ஏற்கப் பல்கலைக்கழகங்கள் தயங்கின. தொண்டுக்குப் பிள்ளையை அனுப்பிய உழவர் குடும்பம் ஊதியமுள்ள வேலையையும் எதிர்பார்த்தது. அதனை இலட்சியக் குறைவு எனப் பழிப்பது நகரத்தாருக்கே எளிது.

1976இல் காந்திகிராமம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. பட்டம் வழங்கும் உரிமை கிடைத்தது; அதனுடன் பல்கலைக்கழக மானியக் குழுவின் அளவுகோல்களும் வந்தன. ஆய்வேட்டையும் வெளியீட்டையும் எண்ணும் அம்முறையில், ஓர் ஊரில் ஆண்டுக்கணக்கில் தங்கிக் கூட்டுறவுச் சங்கமொன்றை நிலைநிறுத்தும் ஆசிரியரின் உழைப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பது தெளிவாகவில்லை.