மேற்கு ஆசியக் கிறித்தவர்கள்: மக்கள்தொகைப் போக்கு

மேற்கு ஆசியாவில் கிறித்தவர்களின் விகிதம் ஒரு நூற்றாண்டாகச் சரிந்து வருகிறது. வன்முறையை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்வது பாதி உண்மையே. லெபனான் மலையிலிருந்து மரோனியக் கிறித்தவர்கள் அமெரிக்கக் கண்டங்களுக்குக் கப்பலேறுவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. குறைந்த பிறப்பு விகிதமும் சேர்ந்துகொண்டது. லெபனானின் 1932 கணக்கெடுப்பில் கிறித்தவர் சற்றே பெரும்பான்மை. அதன்பின் எந்த அரசும் தலை எண்ணத் துணியவில்லை. ஏனெனில் மதப் பிரிவுகளுக்கிடையிலான பதவிப் பங்கீடே அந்த எண்ணில்தான் நிற்கிறது. ஈராக்கைக் காட்டி, வன்முறையே காரணம் என வாதிடலாம், அது நியாயமும்கூட: 2003 படையெடுப்புக்குப் பிறகும், 2014இல் மோசுல் நகரம் ஐ.எஸ். தீவிரவாதிகள் கையில் விழுந்தபோதும் மக்கள் உயிருக்கு அஞ்சியே ஓடினர். வளைகுடாவிலோ கதை தலைகீழ். கேரளத்திலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் வந்த தொழிலாளர்களால் அங்கே எண்ணிக்கை பெருகியது. துபாய் புனித மரியா தேவாலயத்தில் மலையாளம், தமிழ், தகலோக் எனப் பல மொழிகளில் திருப்பலி நடக்கிறது. ஆனால் இந்தத் தொழிலாளர்கள் குடிமக்கள் அல்லர். விசா முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.