பொரோபுதூரும் நாங்களும்



ஆசிரியர் செயலமர்வு ஒன்றிற்காக இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவுக்குப் போயிருந்தேன். ஓய்வு நாளில் பொரோபுதூர் பார்த்துவிட்டுப் படம் போட்டதும், "சேர், பன்சலைக்கா போனீங்க?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். வணங்கப் போகவில்லை, படிக்கப் போனேன். படித்ததைச் சொல்கிறேன்.

கி.பி. 800ஐ அண்டி, சைலேந்திர மன்னர் காலத்தில் எழுந்தது இது. சாந்தே இல்லாமல் எரிமலைக் கற்களை ஒன்றோடொன்று பொருத்திக் கட்டியிருக்கிறார்கள். 504 புத்தர் சிலைகள், 2,672 புடைப்புச் சிற்பங்கள், மேல்தளங்களில் துளையிட்ட 72 தூபிகள்.

இஸ்லாம் வந்துதான் இது பாழானது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 10ஆம் நூற்றாண்டிலேயே அரசவை கிழக்கு ஜாவாவுக்குப் பெயர்ந்துவிட்டது. ஜாவாவில் இஸ்லாம் பரவலாக வேரூன்றியது 15ஆம் நூற்றாண்டிலிருந்துதான்.

1814இல் ஆங்கிலேய ஆளுநர் ரஃபிள்ஸ் ஆளனுப்பிக் காட்டை வெட்டித் துப்புரவாக்கினார். 1896இல் ஒல்லாந்தர் எட்டு வண்டிச் சிற்பங்களைச் சியாம் மன்னருக்குக் கொடுத்தனுப்பினார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையான சுதந்திர இந்தோனேசியாவோ, யுனெஸ்கோவுடன் சேர்ந்து 1975 முதல் கல் கல்லாகக் கழற்றித் திருத்தியது. 1983இல் வேலை முடிந்தது.

மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. 1985 ஜனவரி 21இல் இங்கே குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் பெயர் கொண்டவர்கள். ஒன்பது தூபிகள் சேதமாகின. அவற்றையும் அந்த நாடு திருத்தியது. 2010இல் மெராபி எரிமலைச் சாம்பல் மூடியபோதும் கழுவித் துடைத்தது. வெசாக் அங்கே தேசிய விடுமுறை.

எங்களைக் கூட்டிச்சென்ற வழிகாட்டி முஸ்லிம். "இது எங்கள் பாட்டன்மார் கட்டியது" என்றார். ளுஹர் நேரமானதும் தொழப் போனார். ஈமானும் போகவில்லை, பாட்டனும் அந்நியமாகவில்லை.

மேலே ஏறக் கல் தேயாத விசேட செருப்புத் தந்தார்கள். அதைப் போடும்போது 2019 ஜனவரி ஞாபகம் வந்தது. கிரலாகல தூபியில் ஏறிப் படமெடுத்த எங்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கைதான நாட்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அந்த இடம் எதுவென்று வகுப்பறையில் முன்பே சொல்லிக்கொடுக்காத குறை, ஆசிரியர்களான எங்களுக்கும் உண்டு.

அடுத்த சுற்றுலாவில் பொலன்னறுவைக்குப் போகிறோம். புறப்படுமுன் ஒரு பாடவேளை அந்த இடத்தின் வரலாற்றுக்கு. எங்கே சப்பாத்தைக் கழற்றுவது, எங்கே ஏறக்கூடாது, எங்கே படம் எடுக்கக்கூடாது என்பதும் அதிலேயே. பெற்றோரும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.