மூலையில் ஓடும் நேரம்

இலங்கையில் பத்து வருசம் இரண்டு நேரம் ஓடியது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, கொழும்பு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி இரண்டையும் ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு ஓமந்தையைத் தாண்டி வன்னிக்குள் போனவர்களுக்குத் தெரியும், கைமணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பவேணும். 2006 ஏப்ரலில் கொழும்பும் பழைய நேரத்துக்கே திரும்பியது. "எத்தனை மணிக்கு நடந்தது?" என்று கேட்டால், "ஆற்றை நேரத்திலை?" என்று திருப்பிக் கேட்ட காலம் அது.

இப்போது நான் இருப்பது மவுண்ட் ஆல்பர்ட்டில். இந்த நாடோ 1868இலேயே ஊர் ஊராக இருந்த நேரங்களை விட்டுவிட்டு, நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று முடிவெடுத்துவிட்டது. வன் ட்ரீ ஹில்லில் ஸ்ரார்டோம் என்ற வான் ஆய்வுக்கூடம் இருக்கிறது; 1967இல் திறந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்வரத் தொடங்கிய பிறகுதான், நேரத்துக்காக இவ்வளவு பாடுபடும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

அவர்கள் செய்யும் வேலை இதுதான். ஒரு சிறுகோள் தூரத்து நட்சத்திரம் ஒன்றுக்குக் குறுக்கே போகும்போது, அந்த நட்சத்திரம் சில செக்கன்கள் மறைந்து திரும்பத் தோன்றும். மறைந்த கணத்தையும் தோன்றிய கணத்தையும் பல ஊர்களில் இருந்து குறித்தால், அந்தக் கோளின் அளவையும் வடிவத்தையும் கணக்குப் போட்டுவிடலாம். 1988 ஜூன் 9 அன்று புளூட்டோ இப்படி ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் ஒக்லாந்தும் ஒன்று. வெளிச்சம் சட்டென்று அணையாமல் மெல்ல மெல்ல மங்கியது. புளூட்டோவுக்கு வளிமண்டலம் இருக்கிறது என்று உறுதியானது அப்படித்தான்.

கோளின் நிழல் பூமியில் செக்கனுக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். கண்ணால் பார்த்துக் கையால் மணிக்கூட்டை அமத்துகிறவர் அரைச் செக்கன் பிந்தினால் 10 கிலோமீற்றர் பிழை. அதனால் வீடியோவுக்கு மாறினார்கள். ஆனால் வீடியோவுக்கு நேரம் சொல்வது யார்? முதலில் சிற்றலை வானொலிதான். (பிபிசி தமிழோசைக்காகச் சிற்றலையோடு மல்லுக்கட்டிய எங்கள் சனத்துக்கு இது விளங்கும்.) ஹவாயில் இருந்து வரும் நேர ஒலிபரப்பைக் கமராவுக்குப் பக்கத்தில் வைத்து, அதன் "பீப்" சத்தத்தையும் சேர்த்துப் பதிவார்கள். ஹவாய் இங்கிருந்து ஏறத்தாழ 7,000 கிலோமீற்றர். சத்தம் வந்து சேரவே 23 மில்லிசெக்கன் போய்விடும், அதையும் கழிக்கவேணும்.

பிறகு வந்தது ஜீ.பி.எஸ். நாங்கள் அதை வழி காட்டும் சாமான் என்று நினைக்கிறோம். உள்ளுக்குள் அது மணிக்கூடுதான். ஒவ்வொரு செய்மதியிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. தரையில் உள்ள வாங்கி செக்கனுக்கு ஒரு துடிப்புக் கொடுக்கும். அதை வைத்து நேரத்தை வீடியோப் படத்திலேயே எழுதும் சின்னப் பெட்டிகள் வந்தன. ஒன்றின் பெயரே 'கிவி'. இங்குள்ள பழைய பால் முறை வீடியோவில் செக்கனுக்கு 50 அரைப்படங்கள். ஒவ்வொன்றிலும் நேரம் பதிந்துவிடும், 20 மில்லிசெக்கனுக்கு ஒருதரம். கசெற்றைப் பத்துத்தரம் பிரதி எடுத்தாலும் அழியாது.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஜீ.பி.எஸ். தன் நேரத்தை 1980 ஜனவரி 6இல் தொடங்கியது. அதன்பின் உலக நேரத்தில் சேர்த்த மேலதிக செக்கன்களை அது கணக்கில் எடுப்பதில்லை. 2017 முதல் வித்தியாசம் 18 செக்கன். இந்தக் கணக்கு செய்மதியில் இருந்து முழுதாக வந்துசேர 12½ நிமிசம் வரை எடுக்கும். அதற்குள் அவசரப்பட்டால் முழுச் செக்கன்களே பிழைக்கும். அனுபவப்பட்டவர்கள் வேளைக்கே கருவியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

இந்தச் செய்மதிகள் அமெரிக்க இராணுவத்தினுடையவை. நேரத்தைக்கூட ஒரு இராணுவத்திடம்தான் வாங்கவேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு வேறொரு வீடியோதான் ஞாபகம் வந்தது. 2009 ஓகஸ்ட் 25இல் சனல் 4 காட்டியது. கைகளும் கண்களும் கட்டப்பட்டு, நிர்வாணமாக்கப்பட்ட மனிதர்களைச் சீருடைக்காரர் சுடுகிறார்கள். அது 2009 ஜனவரியில் எடுத்தது என்று சொல்லப்பட்டது. இலங்கை அரசு பொய் என்றது. ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் மூன்று நிபுணர்களிடம் ஆராயக் கொடுத்தார். காட்சி உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் முடிவு வந்தது. ஆனால் விளக்கமுடியாத மூன்று விசயங்கள் இருந்ததையும் அவர் மறைக்கவில்லை: கொல்லப்பட்டவர்கள் சிலரின் அசைவுகள், கடைசியில் இருந்த 17 படச்சட்டங்கள், கோப்புக்குள் பதிந்திருந்த திகதி. அந்தத் திகதி 2009 ஜூலை 17. சண்டை முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு!

ஒரு திகதியால் அந்த மனிதர்கள் சாகாமல் போய்விடவில்லை. அல்ஸ்ரனும் இவை முடிவை மாற்றவில்லை என்றே சொன்னார். ஆனால் மறுக்க விரும்புகிறவனுக்கு ஒரு ஓட்டை போதும். எங்கள் வீட்டுக் கலியாண வீடியோக்களைப் பாருங்கள், அரைவாசியில் மூலையில் "1.1.2000" என்று நிற்கும். கமராவுக்குள் நேரம் வைக்க யாருக்குப் பொறுமை? அங்கே அது பகிடி. நட்சத்திரம் மறைவதற்கு 20 மில்லிசெக்கன் கணக்கு இருக்கிறது, எங்கள் மனிதர்களுக்கு மாதமே தகராறு.

நேரம் பதிந்த வீடியோவையும் பொய்யாகச் செய்யலாம்தான். வானியலில் பத்து ஊரில் பத்துப்பேர் ஒரே நிழலைப் பார்ப்பதால் பொய் பிடிபடும். வன்னியில் அப்படிப் பார்க்க வெளியாட்களை விட்டுவைக்கவில்லை. 2008 செப்ரெம்பரிலேயே ஐ.நா. ஊழியர்களைக் கிளிநொச்சியை விட்டு வெளியேறச் செய்தார்கள். சாட்சி சொல்லும் படங்களுக்கென்றே, இடமும் நேரமும் எடுத்தவர் மாற்றமுடியாதபடி பதியும் 'ஐவிட்னஸ்' செயலியைச் சர்வதேச சட்டத்தரணிகள் சங்கம் 2015இல் கொண்டுவந்தது.

உங்கள் வீட்டில் அந்த நாளைய கசெற், பழைய செல்போன், மெமரி காட் ஏதும் கிடந்தால் பிரதி எடுத்துவிட்டு மூலத்தை எறியாதேங்கோ. பிரதி எடுக்கும் கணினி தன்னுடைய இன்றைய திகதியைப் போட்டுவிடக்கூடும். எடுத்தவர் உயிரோடு இருந்தால் எந்த நாள், எந்த இடம், பக்கத்தில் நின்றது யார் யார் என்று கேட்டு ஒரு கடதாசியில் எழுதி, அதோடு சேர்த்துக் கட்டி வையுங்கோ. எந்த நேரத்தில் என்பதையும் எழுதுங்கோ, கொழும்பு நேரமா வன்னி நேரமா என்று.