கையை விட்டுப் போகும் தடி

சீனத்து ஈட்டியைச் சினிமாவிலாவது பார்த்தவர்களுக்கு அதன் கூர்முனையைவிட, முனைக்குக் கீழே கட்டிய சிவப்புக் குஞ்சம்தான் மனதில் நிற்கும். குதிரை மயிரிலோ கவரிமாவின் வாலிலோ செய்து சாயம் ஏற்றிக் கட்டுவார்கள். அது வெறும் அலங்காரம் இல்லை என்று அந்த வித்தை தெரிந்தவர்கள் அடித்துச் சொல்வார்கள். குத்தி இழுக்கும்போது வழியும் இரத்தம் கம்பில் இறங்கிக் கை வழுக்கிவிடாமல் குஞ்சம் தடுக்குமாம். முனை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எதிராளிக்குப் பிடிபடாமல் ஆடிக் கண்ணைக் குழப்பவும் செய்யும். வாளின் கதை வேறு. 'ஜியன்' என்னும் இருபுறக் கூர் கொண்ட நேர்வாளின் பிடியில் தொங்கும் நீளக் குஞ்சம் படித்த பெருமக்களின் வாளுக்கு உரியதாம். களத்தில் வெட்டும் வாளுக்குக் குஞ்சம் குட்டையாக இருக்கும், பெரும்பாலும் இருக்காது. நீளமாகத் தொங்கினால் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு ஆளைக் கொன்றுவிடும் அல்லவா.

நம் ஊரிலும் ஆயுதத்துக்குச் சிங்காரம் குறைவில்லை. பழனிக்கு நடந்து போகிறவர்கள் தோளில் ஏந்தும் வேலுக்கு மயிற்பீலி, பூ, பட்டு எல்லாம் உண்டு. தை மாதம் நத்தம், திண்டுக்கல் வழியாக அந்தக் கூட்டம் போவதை வருடாவருடம் பார்க்கிறோம். ஆனால் குஞ்சம் கட்ட இடமே இல்லாத ஓர் ஆயுதமும் இந்தத் திண்டுக்கல் சமவெளியில் இருந்தது. வளரி என்பார்கள், வளைதடி என்றும் சொல்வார்கள். வைரம் பாய்ந்த கட்டையில் பிறைபோல வளைத்துச் செதுக்கியது, சில சமயம் இரும்பில் அடித்தது. ஒரு முனை கனமாக இருக்கும், இன்னொன்று லேசாக இருக்கும். லேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேலே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி விசை ஏற்றி விட்டெறிய வேண்டும். வீசிய கல் ஒரு புள்ளியில்தான் படும். சுழன்று போகும் தடியோ தன் நீளம் மொத்தத்துக்கும் பாதையை அடைத்துக்கொண்டு தரையை ஒட்டிப் போகும். முயல் எப்படி வளைந்து ஓடினாலும் ஒரு கால் மாட்டிக்கொள்ளும். கையில் வைத்திருக்கிற ஆயுதத்தைத்தான் அழகு பார்க்க முடியும், எறிந்துவிட்டுப் போகிறதற்கு யார் குஞ்சம் கட்டுவார்கள்?

இந்தத் தடி வேட்டைக் காட்டிலிருந்து அரசியலுக்குள் வந்த பாதையில் திண்டுக்கல்லும் ஒரு திருப்பம். 1772 ஜூனில் காளையார்கோவிலில் ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கும்பெனிப் படையும் சேர்ந்து சிவகங்கை அரசர் முத்துவடுகநாதரைக் கொன்றன. அரசி வேலு நாச்சியார், மகள் வெள்ளச்சியோடும் பிரதானி தாண்டவராய பிள்ளையோடும் மருது சகோதரர்களோடும் மேற்கே தப்பி வந்து சேர்ந்த இடம், இன்று ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் இடையில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் விருப்பாட்சி. பாளையக்காரர் கோபால நாயக்கர் இடம் கொடுத்தார். திண்டுக்கல் அப்போது ஹைதர் அலியின் கையில் இருந்தது. 1755-ல் இங்கே பௌஜ்தார் என்னும் படை அதிகாரியாக வந்து, இந்தக் கோட்டையில்தான் ஹைதர் தன் படையைப் பெருக்கினார். மதுரை நாயக்கர்கள் 1605-ல் கட்டிய மலைக்கோட்டை அது. சிவகங்கைக்காரர்கள் எட்டு வருடம் இந்தப் பக்கமே காத்திருந்து, ஹைதரின் உதவியோடு 1780-ல் திரும்பிப் போனார்கள். அந்த எட்டு வருடமும் வளரி எறிகிற கைகள் விருப்பாட்சிப் பொட்டலில் சும்மா இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஏட்டில் சான்று கேட்டால் என்னிடம் இல்லை.

ஏட்டுச் சான்று கிடைப்பது ஒரு வெள்ளைக்காரரிடம். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் அதிகாரி 1795-ல் மதுரைப் பக்கம் பணிக்கு வந்தார். சிறுவயலில் இருந்த சின்ன மருதுவோடு நட்பாகி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றுக்கொண்டார். 1830-ல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட தன் இராணுவ நினைவுகளில் அதை நன்றியோடு எழுதியிருக்கிறார். வேறெங்கும் அதிகம் காணாத ஆயுதம் என்றும், கைதேர்ந்தவன் எறிந்தால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்றும் கணக்குச் சொல்கிறார். நூறு கஜம் என்றால் தொண்ணூறு மீட்டருக்குச் சற்று மேல். அந்தக் காலத் துப்பாக்கியைக் கொண்டு அத்தனை தூரத்தில் ஓர் ஆளைக் குறிபார்த்து அடிப்பதே பெரும்பாடு. பெரிய மருதுவைப் பற்றியும் ஒரு வரி எழுதுகிறார், ஆற்காட்டு ரூபாய் நாணயத்தை விரலாலேயே வளைத்துவிடுவாராம். வெல்ஷின் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஆறே வருடத்தில் மாணவர் ஒரு பக்கம், ஆசிரியர் எதிர்ப்பக்கம். திண்டுக்கல் பகுதி 1792-ல் திப்புவிடமிருந்து கும்பெனிக்குக் கைமாறியிருந்தது. வரிக்கெடுபிடி தாங்காத பாளையக்காரர்கள் கோபால நாயக்கர் தலைமையில் ஒன்று கூடினார்கள். வரலாற்று ஆசிரியர் கே. ராஜய்யன் இதைத் திண்டுக்கல் கூட்டணி என்று எழுதுகிறார். 1800 ஏப்ரலில் விருப்பாட்சியில் கூடிப் பேசினார்கள், ஜூனில் கோயம்புத்தூரைத் தாக்கத் திட்டமிட்டது கைகூடவில்லை. அடுத்த வருடம் சிவகங்கைச் சீமை முழுக்கப் போர்க்களம் ஆயிற்று. கும்பெனிப் படையில் வெல்ஷும் இருந்தார். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். கோபால நாயக்கரும் பிடிபட்டு அதே வருடம் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். நகரில் இருக்கும் கோபாலசமுத்திரம் குளத்தின் பெயர் அவரால் வந்தது என்பது ஊர் வழக்கு. விருப்பாட்சியில் பின்னாளில் அரசு அவருக்கு மணிமண்டபம் கட்டியது.

சின்ன மருதுவின் மகன் துரைசாமி அப்போது சிறுவன். அவனோடு எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802 தொடக்கத்தில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். பதினாறு வருடம் கழித்து அந்தத் தீவுக்குப் போன வெல்ஷைத் தேடி, நொடித்துப்போன ஒரு மனிதர் வந்து நின்றார். துரைசாமி என்று தெரிந்ததும் வெல்ஷ் கலங்கிப்போனதாக எழுதுகிறார். கலங்கியதோடு சரி, செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை.

ஆளைக் கடல் தாண்டி அனுப்பிய அரசு ஆயுதத்தையும் விடவில்லை. 1801 டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனத்தின்படி பாளையக்காரர்களின் ஆட்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகளை இடிக்க வேண்டும். ஈட்டியையும் துப்பாக்கியையும் கணக்குப் பார்த்துப் பிடுங்கலாம். ஆனால் ஒரு வளைந்த கட்டையை என்ன செய்வது? மாட்டை விரட்டும் தடி, முயலடிக்கும் தடி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அடித்துப் பார்த்தால் ஒழிய அது ஆயுதம் என்று தெரியாத ஆயுதம், குஞ்சம் இல்லாததன் நன்மை இதில்தான் இருக்கிறது. ஆனாலும் கற்றுக் கொடுக்கப் படை இல்லை, பாளையம் இல்லை. ஒரு நூற்றாண்டு தாண்டியதும் கலை மெலிந்துவிட்டது.

எப்படி மெலிந்தது என்பதற்குப் புதுக்கோட்டை திவான் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-ல் கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் அதைச் சேர்த்திருக்கிறார். தேர்ந்த எறிவீரர்கள் இனி அகப்பட மாட்டார்கள், எப்போதாவது முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் எறிகிறார்கள், அவ்வளவுதான் என்கிறார் திவான். கள்ளர், மறவர் வீடுகளில் பூசை அறையில் மற்ற பழைய ஆயுதங்களோடு அது கிடக்கிறது. ஆயுத பூசையன்று எடுத்துச் சுரண்டித் துடைத்து, மறுபடி இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறார்கள். கள்ளர் திருமணங்களில் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் வளைதடியை மாற்றிக்கொண்ட வழக்கத்தையும் அதே நூல் சொல்கிறது. வளைதடியை அனுப்பிப் பெண்ணை அழைத்துக்கொள் என்ற பொருளில் பழமொழியே இருந்ததாம்.

வளரிக்குச் சந்தனமும் குங்குமமும் வந்து சேர்ந்தது இந்தப் பூசை அறையில்தான். எறிந்துகொண்டிருந்த வரைக்கும் மண்ணும் இரத்தமும்தான் பூச்சு. எறிவது நின்றதும் பொட்டு வைத்தார்கள். சீன வாளின் நீளக் குஞ்சமும் கிட்டத்தட்ட இப்படித்தான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, வெட்ட வேண்டியது குறையக் குறையக் குஞ்சம் நீண்டிருக்க வேண்டும். இன்று வூஷு என்னும் சீனத் தற்காப்புக் கலை மேடைகளில் வாளோடு சேர்ந்து சுழலும் குஞ்சத்தைப் பார்த்தால் ஆட்டத்தில் பாதி அதுதான்.

பயன்பாடு போய் அலங்காரம் மிஞ்சும் இந்தக் கதையின் உச்சம் தஞ்சாவூரில் இருந்தது. 1855-ல் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசு கும்பெனிக்குப் போயிற்று. 1860-களில் அரண்மனை ஆயுதசாலையைக் கலைத்தபோது, தேர்ந்தெடுத்த வாளும் கட்டாரியும் அங்குசமும் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தவற்றில் தந்தத்தால் செய்த வளரிகள் இருந்தன என்று தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். தந்தத் தடியை எறிந்து பார்க்க யாருக்கு மனம் வரும்? கல்லில் பட்டால் சில்லு பெயர்ந்துவிடும். அரசனுக்குக் கௌரவமாக, கையில் பிடித்து நிற்பதற்காகச் செய்தது அது. எகிப்திலும் இதே கதை. நைல் நதிக்கரை நாணலில் பறவையடிக்க மரத்தடி எறிந்தார்கள். துட்டன்காமன் கல்லறையை 1922-ல் திறந்தபோது, பயன்படுத்திய தடிகளோடு எறியவே முடியாத அலங்காரத் தடிகளும் கிடைத்தன.

அருங்காட்சியகத்துக்குப் போன வளரியைச் சீமையின் அறிஞர்கள் வேறு வழியில் இழுத்துக்கொண்டு போனார்கள். தாமஸ் ஹக்ஸ்லி 1870-ல் மனித இனங்களை வகைப்படுத்தியபோது, தக்காணத்து மக்களை ஆஸ்திரேலியப் பழங்குடிகளோடு ஒரே பிரிவில் வைத்தார். ஆஸ்திரேலியரின் பூமராங், நம் ஊர் வளரி, எகிப்தின் எறிதடி மூன்றையும் ஒரே வரிசையில் அடுக்கி, ஒரே வமிசத்தின் சொத்து என்று பேசினார்கள். அந்த வாதம் நிற்காது. குஜராத்தின் கோலி சமூகத்தாரும் 'கட்டாரியா' என்ற வளைதடியை எறிந்தார்கள், அமெரிக்காவின் அரிசோனாவில் ஹோப்பிப் பழங்குடியினரிடம் முயலடிக்கும் தடியே உண்டு. வெட்டவெளி, முள்புதர், ஓடுகிற முயல், கையில் ஒரு கோணல் கிளை: இத்தனையும் ஒரே இடத்தில் இருந்தால் சொந்தபந்தம் இல்லாமலே தடி பிறந்துவிடும். திண்டுக்கல் சமவெளியில் அந்த நான்கும் தாராளமாகவே இருந்தன.

பூமராங்கோடு சேர்த்துப் பேசியதில் வந்த இன்னொரு தொல்லை இன்னும் தீரவில்லை. வளரி எறிந்தவன் கைக்கே திரும்பி வரும் என்ற கதை. சினிமாவும் யூடியூப்பும் சேர்ந்து இதை உறுதியாக்கிவிட்டன. ஆஸ்திரேலியாவிலேயே வேட்டைக்கும் சண்டைக்கும் எறிந்த கனமான தடிகள் திரும்புவதில்லை, திரும்புவது லேசான, விமான இறக்கைபோல மேல்புறம் புடைத்துச் செதுக்கிய ஒரு வகை. வெல்ஷ் தூரத்தைச் சொன்னார், குறியைச் சொன்னார், திரும்பி வந்ததாக ஒரு சொல் எழுதவில்லை. அப்படி வந்திருந்தால் அந்த மனிதர் அதைத்தான் முதலில் எழுதியிருப்பார். முனை கனத்த தடி போய் எலும்பை முறிக்க வேண்டும். முறித்த பிறகு எப்படித் திரும்பும்? தவறிப்போனால் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

இப்போது சில சிலம்பக் கூடங்களில் வளரியும் சொல்லித் தருகிறார்கள். சிலம்பத்துக்கு நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அதைச் செயல்விளக்க ஆட்டமாகச் சேர்த்தார்கள். வளரிக்கு அந்த யோகம் எளிதில் வராது. முயலை எறிந்தால் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டம் பிடித்துக்கொள்ளும், அதனால் குறி வாழைமட்டையோ சாக்குமூட்டையோதான். கம்பு சுற்ற மொட்டை மாடி போதும். இதற்கு ஆளும் ஆடும் நடமாடாத நூறு கஜம் வேண்டும், பிளாட் போட்டு வேலி கட்டிய திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு இடத்துக்கு எங்கே போவது? தண்ணீர் வற்றிய குளத்துக்குள் இறங்கி எறியலாம். ஆனால் அங்கே சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். ஒருமுறை எறிந்தால் அரைமணி நேரம் முள்ளுக்குள் குனிந்து தேட வேண்டும். பயிற்சியில் பாதி அதற்கே போய்விடும்.