பகுதி மின்சுமை

பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களை இரு அணுக்களும் சமமாகப் பகிர்ந்துகொள்ளாதபோது, அவற்றின்மீது தோன்றும் முழு எண்ணல்லாத மின்சுமை பகுதி மின்சுமை எனப்படும். எலக்ட்ரானை வலுவாகக் கவரும் அணு எதிர் மின்சுமையும், மற்றது நேர் மின்சுமையும் பெறும். லைனஸ் பாலிங் 1932இல் அறிமுகப்படுத்திய கவர்திறன் அளவுகோலில் இன்று வழங்கும் மதிப்புகள்: ஆக்சிஜன் 3.44, ஹைட்ரஜன் 2.20, சிலிக்கன் 1.90.

மதிப்பிடுதல்

ஹைட்ரஜன் குளோரைடில் இரு அணுக்கருக்களுக்கும் இடைத்தொலைவு 1.27 ஆங்ஸ்ட்ராம். ஓர் எலக்ட்ரான் முழுதாகக் குளோரினிடம் சென்றிருந்தால் இருமுனைத் திருப்புத்திறன் சுமார் 6.1 டிபை இருக்க வேண்டும். அளந்தறிந்ததோ 1.08 டிபை. 1.08ஐ 6.1ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.18 கிடைக்கிறது, அதாவது ஹைட்ரஜன் +0.18, குளோரின் −0.18.

நீரும் உப்பும்

கணினிக் கணக்கீடுகளில் பரவலாகப் பயன்படும் ஒரு நீர் மாதிரியில் ஆக்சிஜனுக்கு −0.82, ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் +0.41. சோடியம் அயனியை நீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜன் முனைகளும், குளோரைடு அயனியை ஹைட்ரஜன் முனைகளும் சூழ்ந்துகொள்வதால் உப்பு கரைகிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் சிக்கலும் தீர்வும் இதில் அடங்கியுள்ளன. கடற்காற்றில் வரும் உப்புநீர் கல்லின் நுண்துளைகளில் இறங்கி, நீர் உலர்ந்ததும் படிகமாகி, மேற்பரப்பைப் பொரியச் செய்கிறது. நல்ல தண்ணீரில் ஊறிய காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி இந்தியத் தொல்லியல் துறை இந்த உப்பை அகற்றியுள்ளது. கூழின் நீர் துளைகளுக்குள் சென்று உப்பைக் கரைக்கிறது. கூழ் உலரும்போது கரைசல் வெளியே இழுக்கப்பட்டு, உப்பு கூழில் தங்கிவிடுகிறது.

கனிமங்களில்

பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் கிடைக்கும் கருங்கல் வகைக்கு, கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் சார்னோகைட்டு எனப் பெயரிட்டார். குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் ஆகியவை இதன் முக்கியக் கனிமங்கள். குவார்ட்ஸில் சிலிக்கனின் ஆக்சிஜனேற்ற எண் +4. ஆனால் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பு பாதி அயனித்தன்மையும் பாதி சகப்பிணைப்புத்தன்மையும் கொண்டது என்பதால் உண்மை மின்சுமை அதைவிடக் குறைவு. 1990இல் வெளியான ஒரு மாதிரி சிலிக்கனுக்கு +2.4, ஆக்சிஜனுக்கு −1.2 எனக் கொள்கிறது. எல்லாத் திசைகளிலும் தொடரும் இந்த வலுவான பிணைப்பால்தான் குவார்ட்ஸ் உப்பைப் போல நீரில் எளிதில் கரைவதில்லை.

வரம்புகள்

இரு அணுக்களுக்கு நடுவே பரவியிருக்கும் எலக்ட்ரான் முகிலை எங்கே பிரிப்பது என்பதற்கு ஒரே விதி இல்லை. முல்லிக்கன் 1955இல் தந்த முறை ஆர்பிட்டால்களின் அடிப்படையிலும், பேடரின் முறை எலக்ட்ரான் அடர்த்தி குறைந்த எல்லைகளின் அடிப்படையிலும் பிரிக்கின்றன. ஒரே அணுவுக்கு இவை வெவ்வேறு விடைகள் தருவதால், மதிப்புடன் முறையையும் குறிப்பிட வேண்டும்.