வெக்கையை வென்ற கல்வி

தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் சொல் கால்நடையைக் குறிக்கும் சொல்லினின்றே பிறந்தது. உழவுக்கும் பாலுக்கும் எருவுக்கும் மாட்டையே நம்பி வாழ்ந்த மக்கள் அதனைச் செல்வமாக எண்ணியதில் வியப்பில்லை. ஆயினும், அச்செல்வத்தைப் பேணும் முறையை மனிதன் முறையாகக் கற்கத் தொடங்கியது மிகப் பிந்தியே. மருத்துவமும் சட்டமும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வந்தன. விலங்கின் நோயைக் கற்பிப்பதற்கோ 1761 ஆம் ஆண்டுவரை அங்கே தனியான கலாசாலை ஒன்றேனும் இருக்கவில்லை.

அக்கலாசாலை தோன்றக் காரணமாயிருந்தது ஒரு கொடிய நோய். தமிழர் அதனை வெக்கை என்றனர். கடுங்காய்ச்சலுடன் தொடங்கி, வாயிற் புண் உண்டாக்கி, ஓயாத கழிச்சலால் மாட்டைச் சில நாட்களுள் மாய்த்துவிடும் நோய் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதிலும் அலை அலையாக அது பரவிற்று. தொழுவம் வெறுமையானால் ஏர் நின்றது. ஏர் நின்றால் அடுத்த ஆண்டு களஞ்சியமும் வெறுமையாயிற்று. உழவன் ஊரிலுள்ள லாடம் கட்டுவோனிடம் ஓடினான். அவனிடம் இருந்ததோ பரம்பரையாக வந்த கைமருந்து மட்டுமே. உரோமாபுரியில் பாப்பரசரின் மருத்துவராய் விளங்கிய லான்சிசி, நோயுற்ற மாடுகளைக் கொன்று சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். அது பயனுள்ள வழியே. எனினும், அதனை ஊர்தோறும் நடத்திக் காட்டக் கற்றறிந்தோர் இருக்கவில்லை.

இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் பிரான்சு நாட்டு லியோன் நகரினரான குளோட் பூர்ஷலா. 1712 இற் பிறந்த இவர் மருத்துவர் அல்லர். குதிரையேற்றப் பயிற்சிக் கழகம் ஒன்றின் தலைவர். குதிரையை ஊன்றிக் கவனித்த அவர், அதன் உடலமைப்பை அறியாமல் அதன் நோயை அறிய இயலாது என்னும் முடிவுக்கு வந்தார். அவருடைய நண்பரான பெர்த்தன், மன்னர் பதினைந்தாம் லூயியின் நிதியமைச்சராக இருந்தார். 1761 ஆகஸ்ட் 4 ஆம் நாள் அரச அனுமதி கிடைத்தது. 1762 இன் தொடக்கத்தில், லியோன் நகரின் புறத்தே பழைய சத்திரம் ஒன்றில், உலகின் முதல் மிருக வைத்தியக் கலாசாலை திறக்கப்பட்டது.

அங்கே சேர்ந்த மாணவருட் பலர் எளிய கிராமத்துப் பிள்ளைகள். உடற்கூறு, மூலிகைகள், லாடம் கட்டுதல் ஆகியவற்றை அவர்கள் கற்றனர். கலாசாலை திறந்த ஆண்டிலேயே அயலிலுள்ள கிராமங்களில் மாட்டு நோய் தோன்றவே, மாணவர்கள் அங்கு அனுப்பப்பட்டனர். ஏட்டுக் கல்வி தொழுவத்திற் சோதிக்கப்பட்டது. 1764 இல் மன்னர் அதற்கு அரச கலாசாலை என்னும் சிறப்பை வழங்கினார். அயல்நாடுகளும் தம் இளைஞரை அனுப்பின. அவ்வாறு டென்மார்க்கிலிருந்து சென்று கற்றுத் திரும்பிய அபில்கார்ட், 1773 இல் கோப்பன்ஹேகனில் ஒரு கலாசாலையை நிறுவினார்.

இங்கு ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். லியோன் நகரத்து ஆசிரியர்கள் வெக்கை நோயின் காரணத்தை அறிந்திருக்கவில்லை. வடிகட்டியையும் ஊடுருவிச் செல்லும் நுண்ணிய கிருமியே அதற்குக் காரணம் என்பது 1902 இலேயே தெளிவாயிற்று. காரணம் தெரியும்வரை காத்திராது, கூர்ந்து நோக்கவும், நோக்கியதை எழுதி வைக்கவும், பிறருக்குக் கற்பிக்கவும் அவர்கள் தொடங்கினர். பின்வந்தோரின் வெற்றிக்கு அடித்தளம் அதுவே.

ஆசியாவிலும் இக்கல்வி வேரூன்றிற்று. சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் 1903 இல் தொடங்கிய மிருக வைத்தியக் கல்லூரி, 1936 இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. லாடம் கட்டுவோனின் கைத்தொழிலாகக் கருதப்பட்டது பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய கல்வியாக உயர்ந்தது. இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்தில், 1920 களில் எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர் கிருமியை ஆடுகளில் வளர்த்து வலுக்குறைத்துத் தடுப்பு மருந்தாக்கினார். 1960 ஆம் ஆண்டையொட்டிக் கென்யாவில் பிளவ்ரைட் என்பவர் அதனினும் பாதுகாப்பான மருந்தொன்றை உருவாக்கினார்.

எனினும், பகை எளிதில் ஒழியவில்லை. இலங்கையிற் பல்லாண்டுகள் காணப்படாதிருந்த வெக்கை, 1987 இல் மீண்டும் தோன்றி வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளையும் எருமைகளையும் வாட்டிற்று. போர்க்காலத்து இடர்களுக்கிடையே தடுப்பூசி இடும் பணியும் நடைபெற வேண்டியிருந்தது. 1994 இற்குப் பின் அந்நோய் இந்நாட்டில் தலைகாட்டவில்லை. உலகில் இறுதியாக 2001 இல் கென்யாவின் காட்டெருமைகளில் அது காணப்பட்டது. 2011 இல், வெக்கை உலகினின்றே ஒழிந்தது என ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் அறிவித்தது. மனிதன் முற்றாக ஒழித்த நோய்கள் இரண்டே: ஒன்று பெரியம்மை, மற்றது வெக்கை.

லியோன் கலாசாலைக்கு அனுமதி கிடைத்த 1761 இலிருந்து எண்ணினால், 2011 சரியாக இருநூற்றைம்பதாவது ஆண்டு. எந்த நோயை எதிர்க்க அக்கல்வி பிறந்ததோ, அந்த நோயை அது வென்று முடித்தது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இன்று மிருக வைத்தியமும் விலங்கு விஞ்ஞானமும் ஒரே பீடத்தின் பெயரில் இணைந்துள்ளன. நோய் தீர்த்தல் மட்டுமன்றி, தீவனம், இனவிருத்தி, பால் பதனிடல், பண்ணை நிருவாகம் ஆகியனவும் இத்துறைக் கல்வியுள் அடங்கும். மாட்டைப் படிக்கவும் ஒரு பட்டமா என ஏளனஞ் செய்வோர் சிலர் உளர். அன்னோர், ஏர் நின்றுபோன அந்தக் கிராமங்களை ஒருகணம் நினைத்துப் பார்ப்பாராக. வாய்பேசா உயிரின் துன்பத்தை அறியக் கற்றவர்கள், அதனை நம்பி வாழும் குடும்பங்களின் துன்பத்தையும் நீக்கினார்கள் என்பதே வரலாறு கூறும் செய்தியாகும்.