கல்லூரிக்கு முன்பே பிறந்த ஊர்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் ரயில் பாதையில், சிறுமலையின் மேற்கு அடிவாரத்தில், அம்பாத்துறை என்று ஒரு சின்ன நிலையம் இருக்கிறது. அதை ஒட்டியுள்ள காந்திகிராமம் பெயரில்தான் கிராமம். 1947க்கு முன் அந்தப் பெயரில் இங்கே ஊர் கிடையாது. கோயிலையோ குளத்தையோ சுற்றி வளர்ந்த ஊருமல்ல. பக்கத்திலிருக்கும் சின்னாளப்பட்டிக்காரர்கள் கொடுத்த நிலத்தில் எழுந்த குடியிருப்பு. வெளியூர்க்காரர்களுக்கு இது பல்கலைக்கழக ஊர். அதனால் இதன் வரலாற்றைச் சொல்பவர்களும் 1956இல் தொடங்கிய ஊரகக் கல்வி நிறுவனத்தையும், 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனதையும் மையமாக வைத்தே சொல்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பது என் வாதம். கல்லூரி வந்தபோது ஊருக்கு ஒன்பது வயது. அந்த ஒன்பது ஆண்டுகள் இல்லாமலிருந்தால் கல்லூரியும் நிலைத்திருக்காது.

தொடக்கத்தில் இருந்தவர் ஒரு டாக்டர். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936இல் பட்டம் பெற்றார். நெய்யாற்றின்கரையில் பிறந்து சாந்திநிகேதனில் படித்த ஜி. ராமச்சந்திரனை 1940இல் காந்தியின் முன்னிலையில் மணந்தார். கஸ்தூர்பா 1944இல் காலமானபின் அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளையின் தமிழகப் பணி சௌந்தரத்திடம் வந்தது. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களைக் கிராமங்களுக்கே சேவிகைகளாக அனுப்புவது அந்தப் பணியின் சாரம். 1947 அக்டோபரில் காந்திகிராமம் தொடங்கியபோது ஆதாரக் கல்வியோடும் கதரோடும் அங்கே இருந்தது ஒரு சிறு மருத்துவ விடுதி; அதுவே பின்னர் கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. சின்னாளப்பட்டி அன்றைக்கு நெசவாளர் ஊர். விடியுமுன் தெருவில் பாவு ஓடும், பகலெல்லாம் வீட்டுக்குள் குழித்தறி ஓடும்; சேலைக்கு முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துச் சுங்குடி எடுப்பார்கள். அப்படி ஓர் ஊருக்குப் பக்கத்தில் முதலில் தேவைப்பட்டது பிரசவம் பார்க்க ஆள். டிப்ளமா வகுப்பை யாரும் கேட்கவில்லை.

கல்லூரி யோசனை வேறு திசையிலிருந்து வந்தது. 1948-49இல் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கப் பொறியாளரும் உறுப்பினர். டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவராக இருந்தவர். ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஆன்டியோக் கல்லூரியை நடத்தியவர். கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று அந்தக் குழு வற்புறுத்தியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. டென்மார்க்கின் மக்கள் கல்லூரிகளும் முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்பட்டன. பின்னர் ஊரக உயர்கல்வி பற்றி ஆராய்ந்த ஸ்ரீமாலி குழுவின் பரிந்துரைப்படி 1956இல் நாட்டின் பல இடங்களில் ஊரக நிறுவனங்கள் தொடங்கின. அவற்றில் ஒன்று காந்திகிராமம். இன்னொன்று கோவை பெரியநாயக்கன்பாளையம். பள்ளி முடித்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஊரகப் பணியில் மூன்றாண்டு டிப்ளமா என்பது திட்டம். அந்தச் சான்றிதழைப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கப் பல்கலைக்கழகங்கள் தயங்கின. வேலைக்குப் போன இடத்திலும் மேற்படிப்புக்குப் போன இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. காலப்போக்கில் அந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை வழக்கமான கல்லூரிகளாகக் கரைந்துபோயின.

காந்திகிராமம் கரையாததற்குப் பணமும் செல்வாக்கும்தானே காரணம் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சௌந்தரம் தொழிலதிபர் வீட்டுப் பெண். 1952இலும் 1957இலும் சட்டமன்ற உறுப்பினர். 1962இல் திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், மத்தியக் கல்வித் துணை அமைச்சர். இவ்வளவும் உதவவில்லை என்று யாரும் சாதிக்க முடியாது. ஆனால் செல்வாக்கு மட்டும் போதுமென்றால், தொகுதிக்கொரு கல்லூரி கட்டிய அரசியல்வாதிகளின் ஊர்களெல்லாம் காந்திகிராமம் ஆகியிருக்க வேண்டும். சாந்திநிகேதனை அடுத்துள்ள ஸ்ரீநிகேதனைப் பாருங்கள். 1922 முதலே சுற்றுக் கிராமங்களில் வேலை செய்துவந்த இடம் அது. 1956இன் திட்டம் அங்கே பின்னால் போய்ச் சேர்ந்தது. அதுவும் நிலைத்தது. அதே திட்டத்தில் இடம்பெற்ற டில்லி ஜாமியா மில்லியாவை இந்தக் கணக்கில் சேர்ப்பது முறையல்ல. அது முன்பே பெரிய கல்வி நிறுவனம். ஊர்ப்பணி முந்தி, வகுப்பறை பிந்தி என்று அமைந்த இடங்கள் திட்டம் வற்றியபோதும் தாங்கின என்பதைத்தான் இங்கே காண்கிறோம்.

1976இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது காந்தியக் கொள்கைக்குச் செய்த துரோகம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நகரத்துப் பிள்ளைக்குப் பட்டம், கிராமத்துப் பிள்ளைக்கு டிப்ளமா என்றால் அதன் பெயர் கிராமக் கல்வி அல்ல, இரண்டாந்தரக் கல்வி. நெசவாளி மகன் மற்றவர்களுக்குச் சமமான பட்டம் கேட்டதில் என்ன தவறு? ஆனாலும் இழப்பு இருந்தது. கதரும் சர்வசமயப் பிரார்த்தனையும் உடலுழைப்பும் எல்லோருக்கும் பொதுவாக இருந்த குடியிருப்பில், பல்கலைக்கழகம் ஒரு நிறுவனமாகவும், மருத்துவமனையையும் பள்ளிகளையும் கைத்தொழில்களையும் நடத்தும் அறக்கட்டளை வேறொரு நிறுவனமாகவும் பிரிந்தன. ஒரு பக்கம் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊதிய விகிதம், மறுபக்கம் சேவைச் சம்பளம். ஒரே ஊரில் இரண்டு சம்பளக் கணக்கு வந்தபின் ஒரே குடும்பம் என்ற பேச்சுக்குப் பொருள் குறையத்தான் செய்யும்.

இதைவிடக் கடுமையான கேள்வி, சுற்றுக் கிராமங்கள் மாறினவா என்பது. சின்னாளப்பட்டித் தறி கதரை நம்பி ஓடவில்லை. செயற்கைப் பட்டுக்குப் போய்ப் பெயர் வாங்கியது. நிலமில்லாதவர்களின் சிக்கலையும் காந்திகிராமம் தீர்க்கவில்லை. இந்த வட்டாரத்தோடு நெருங்கிய தொடர்புள்ள சர்வோதயத் தம்பதியர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1968இன் கீழவெண்மணிப் படுகொலைக்குப் பிறகு நிலத்துக்காகப் போராடக் கீழத்தஞ்சைக்குப் போனார்கள். போராட வேண்டிய களம் அங்கே இருந்தது உண்மை. வளாகத்துக்குள் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது என்பதும் உண்மை. காந்திகிராமத்தின் வெற்றியைத் தாய் சேய் நலத்தில்தான் தேட வேண்டும். 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கிய முன்னோடிச் சுகாதாரத் திட்டம் குடும்ப நலத்தைக் கிராமத்து வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் முறையைச் சோதித்தது. அதன் தொடர்ச்சியாக 1964இல் ஊரகச் சுகாதாரத்துக்கென்றே தனி நிறுவனம் இங்கே உருவாகி, வெளியூர்ச் சுகாதார ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. கவனியுங்கள், இதுவும் டாக்டரம்மாவின் பக்கத்திலிருந்து வளர்ந்ததுதான்.

சௌந்தரம் 1984இல் காலமானார், ராமச்சந்திரன் 1995இல். பல்கலைக்கழகத்தின் பெயர் அதற்குப் பிறகும் பெரிதாகிக்கொண்டே போனது. மதுரைச் சாலையில் போகிறவர்கள் அதன் வாசலைப் பார்த்துவிட்டு இதுதான் காந்திகிராமம் என்று நினைத்துத் திரும்பிவிட வேண்டாம். உள்ளே கஸ்தூர்பா மருத்துவமனை வரைக்கும் போய்வாருங்கள். இரண்டில் அதுதான் மூத்தது.